புரொஜெக்டர் இருக்கு, ஹார்ட் டிஸ்க் நிறைய டொக்கியுமென்ட்ரி இருக்கு, ஊர்ல போட்டுக் காட்டலாமா?

அம்பாறைக் கரையோரத்தில இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார், வயசு 26, பேரும் ஊரும் போட வேணாம் எண்டு கேட்டிருக்கிறார். ஏ/எல் படிக்கிற காலத்தில இருந்தே ஆளுக்கு டொக்கியுமென்ட்ரி பைத்தியமாம். டெலிகிராம்ல இறக்கி இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்கே நிரம்பிட்டு. லண்டன்ல இருக்கிற மாமா ஒராள் கழகத்துக்கு புரொஜெக்டர் ஒண்டு அனுப்ப, சனிக்கிழமை இரவில வாசிகசாலைச் சுவரில படம் போடத் தொடங்கியிருக்காங்க. முதல் கிழமை இங்லிஷ் சப்டைட்டிலோட மூண்டு மணித்தியால இந்தியப் படம் ஒண்டு. வாசிகசாலை நிறைய வந்த சனத்தில முடியக்குள்ள இருந்தது நாலு பொடியனுகள். ரெண்டாம் கிழமை எங்கட யுத்தத்தப் பத்தின படம் ஒண்டு போட, பாதியில ஒரு பெரியவர் எழும்பி "இதெல்லாம் இஞ்ச போட்டா பொலிசுக்குச் சொல்லுவன்" எண்டு சத்தம் போட்டிருக்கிறார். கழகச் செலவுக்கு எண்டு 200 ரூபாவுக்குப் பென் டிரைவ்ல படம் ஏத்தியும் குடுக்கிறாங்களாம். அடுத்ததா ஊர்ல உள்ள அம்மாமாரின்ட சுனாமிக் கதைகளப் படம் பிடிச்சு யூடியூப்ல போட ஆசை. கேள்வி மூண்டு: இதெல்லாம் சட்டப்படி சரியா, அந்தப் பெரியவர் பொலிசுக்குப் போனா என்ன நடக்கும், எங்கட சனம் எழும்பிப் போகாம இருந்து பாக்கிற மாதிரி என்ன படம் போடலாம்.

தம்பி, மூண்டாவது கேள்வியத்தான் எனக்கு முதல்ல கதைக்க ஆசை, ஏனெண்டா நானும் உங்கட கேஸ்தான், கோர்ட் முடிஞ்சு வந்தா ஒரு டொக்கியுமென்ட்ரி பாக்காட்டி நித்திர வராது. ஆனா கடிதத்தில ஒரு இடம் வாசிக்கக்குள்ள கொஞ்சம் திடுக்கிட்டுத்தான் போனன். அத முதல்ல முடிச்சிருவம்.

பென் டிரைவ் வியாபாரம் இண்டைக்கே நிக்கணும்

நீங்க எழுதியிருக்கீங்க, "டொக்கியுமென்ட்ரி எண்டா கல்விக்கு எடுக்கிறதுதானே, சினிமா மாதிரி கொப்பிரைட் இல்லத்தானே" எண்டு. இருக்கு தம்பி. 2003ம் ஆண்டு 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் மசாலாப் படத்தையும் டொக்கியுமென்ட்ரியையும் பிரிச்சுப் பாக்கிறதில்ல, ரெண்டும் ஒலி ஒளிப் படைப்புத்தான். வேணுமெண்டு அந்த உரிமைய மீறினா நீதவான் நீதிமன்றத்தில 5 லட்சம் ரூபா வரைக்கும் தண்டம் அல்லது 6 மாதம் வரைக்கும் மறியல் அல்லது ரெண்டும் குடுக்கலாம். உங்கட ஊருக்கு நெட்ஃபிளிக்ஸ் காரன் வந்து வழக்குப் போடப் போறானா எண்டு கேட்டா, போடமாட்டான். ஆனா உங்களோட கோவமா இருக்கிற ஒராள் பொலிசுக்குப் போறன் எண்டு நிக்கிற நேரத்தில, கொப்பி பண்ணிக் காசு வாங்கினதுக்குச் சாட்சியா ஊர் முழுக்கப் பென் டிரைவ் கெடக்குது எண்டா, அவருக்கு வேல சுகம். படத்தில குறை பிடிக்க ஏலாட்டியும் அந்த 200 ரூபாவில பிடிச்சிருவாங்க. இருநூறு வாங்கினதோ இருபது வாங்கினதோ, வியாபாரம் வியாபாரம்தான்.

அடுத்தது, "டிக்கெட் போடல்ல, அதால பிரச்சினை இல்ல" எண்ட எண்ணம். இத நம்பாத கழகமே இல்ல எண்டு சொல்லலாம், சில பள்ளிக்கூடமும் நம்புது. பொதுவில காட்டுற உரிமை படைப்பாளிக்குரியது, பொது எண்டா என்ன எண்டும் சட்டம் சொல்லுது: குடும்பமும் அதுக்கு நெருங்கின ஆக்களும் தவிர மத்தவங்களும் வந்திருக்கக்கூடிய இடம். வாசிகசாலைச் சுவர் அதுக்குள்ளதான் வருது. காசு வாங்காதது உங்களுக்குச் சாதகமான விஷயம், இல்லண்டு சொல்லல்ல, நியாயமான பாவனை எண்டு 11ம் பிரிவில ஒண்டு இருக்கு, விமர்சனம், கற்பித்தல், ஆராய்ச்சி இதுகளுக்கு, அதில லாபத்துக்கா கல்விக்கா, எவ்வளவு பகுதி எடுத்தீங்க, அதால படைப்பாளியின்ட சந்தைக்கு என்ன நட்டம் எண்டெல்லாம் பாப்பாங்க. ஒரு படத்தில பத்து நிமிசம் போட்டு அதப் பத்திக் கதைச்சா அந்தப் பிரிவுக்குள்ள நிண்டு வாதாட என்னால ஏலும். கிழமைக்கு ஒரு முழுப் படம் எண்டா, என்ன வாயால வாதாடுற?

யூடியூப்ல சும்மா கெடக்குதே எண்டு கேப்பீங்க. யூடியூப்பின்ட நிபந்தனையிலயே எழுதிக் கெடக்கு, தனிப்பட்ட பாவனைக்கு மட்டும்தான், பொதுவில திரையிடக் கூடாது எண்டு. நெட்ஃபிளிக்ஸும் அப்படித்தான், ஆனா அதில ஒரு நல்ல வாசல் இருக்கு, கனபேருக்குத் தெரியாது. அவங்க தாங்களே எடுத்த சில டொக்கியுமென்ட்ரிகளுக்கு, லாபமில்லாத கல்வித் திரையிடலுக்கு ஒருக்கா காட்ட அனுமதி குடுத்திருக்காங்க. அந்தப் படத்தின்ட விபரப் பக்கத்தில அனுமதி வாசகம் இருந்தா ஓகே, டிக்கெட் போடக் கூடாது, விளம்பரமோ ஸ்பொன்சரோ எடுக்கக் கூடாது, நெட்ஃபிளிக்ஸ் லோகோவப் போட்டுக் கட்டவுட் அடிக்கக் கூடாது. வாசகம் இல்லாத படத்துக்கு இல்லத்தான்.

எல்லாத்தையும் விட லேசான வழி எழுதிக் கேக்கிறது. பகிடியா நினைக்காதீங்க. டொக்கியுமென்ட்ரி எடுக்கிறவங்க சினிமாக் கம்பெனி மாதிரி இல்ல, அவங்களுக்குப் படம் பாக்க ஆள் வேணும். "நாங்க இலங்கையில கிழக்குக் கரையில ஒரு சின்ன ஊர், டிக்கெட் இல்ல, உங்கட படத்தப் போட்டுக் கதைக்க விரும்புறம்" எண்டு நாலு வரி ஈமெயில் போட்டா, கனபேர் லிங்க்கே அனுப்பிருவாங்க. வந்த பதில பிரின்ட் எடுத்து ஃபைல்ல வைங்க. நாளைக்கு யாராவது கேட்டா காட்டக் கையில ஒரு கடுதாசி இருக்கும்.

பெரியவர் பொலிசுக்குப் போனா

கருத்து வெளியிடுற உரிமை அரசியலமைப்பில 14(1)(அ)வில இருக்கு, படம் காட்டுறதும் அதுக்குள்ள வரும், ஆனா 15ம் உறுப்புரையில கட்டுப்பாடும் கூடவே கெடக்கு. பொதுவில படம் காட்டுறதுக்கு 1912ம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒண்டு இண்டைக்கும் உயிரோட இருக்கு, சென்சார் சபை வேல செய்யிறது அதுக்குக் கீழதான். சின்னக் கழகக் காட்சிகள அது ஒவ்வொரு நாளும் தேடித் திரியிறதில்ல, ஆனா முறைப்பாடு வந்தா எடுத்துப் பாவிக்கக் கூடிய சட்டம். அதோட 1979ம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம், 2007ம் ஆண்டு 56ம் இலக்க ஐசிசிபிஆர் சட்டத்தின்ட (சிவில், அரசியல் உரிமைகள் பத்தின சர்வதேச உடன்படிக்கைச் சட்டம்) 3ம் பிரிவு, இன மத வெறுப்பத் தூண்டுறது எண்டு. இந்த 3ம் பிரிவில பிடிச்சா மேல் நீதிமன்றத்துக்குத்தான் பிணைக்குப் போகணும். பயப்படுத்திறதுக்குச் சொல்லல்ல. யுத்தத்தப் பத்தின படம் போட்டாலே குற்றம் எண்டு எந்தச் சட்டத்திலயும் இல்ல. ஆனா அந்தப் படத்த யாரு எடுத்தது, ஏன் இண்டைக்குப் போடுறம், முடிஞ்ச பிறகு யாரு கதைப்பாங்க எண்டு ஒரு முன்னேற்பாடும் இல்லாம இருட்டில ஓட விட்டது புத்தியில்லாத வேல.

இன்னொண்டு தம்பி, அந்தப் பெரியவர் ஏன் எழும்பினார் எண்டு நீங்க கேட்டீங்களா? கடிதத்தில அது இல்ல. ஆளப் "பழைய காலத்து மனுசன்" எண்டு எழுதியிருக்கீங்க. எங்கட பக்கத்தில அந்த வயசு ஆக்கள்ள ஒரு பிள்ளையோ தம்பியோ அந்த நாளையில காணாமப் போகாத வீடு எத்தன இருக்கு? அவர் எதிரியா இருக்கத் தேவல்ல. சுவரில திடீரெண்டு வந்ததப் பாக்க ஏலாமலும் எழும்பியிருக்கலாம். வீட்ட போய் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு, என்ன போடப் போறம் எண்டு முதல்லயே சொல்லுறம், விருப்பமில்லாட்டி வராம விடலாம் எண்டு சொல்லுங்க. பொலிசுக்குப் போற முறைப்பாட்டில பாதி இப்படி வாசல்லயே முடியிற சாதிதான்.

"டொக்கியுமென்ட்ரி உண்மைதானே, உண்மையப் போட்டா யாரு என்ன சொல்லலாம்" எண்டும் கேட்டிருக்கீங்க. எங்கட தொழில்ல சொல்லப்போனா டொக்கியுமென்ட்ரி எண்டது குறுக்கு விசாரணை இல்லாத சாட்சி. 1922ல வந்த நனூக் ஒஃப் த நோர்த், இந்தச் சாதிப் படத்துக்கெல்லாம் மூத்தது எண்டு சொல்லுவாங்க. அதில வாற பனிவீட்டுக்குள்ள வெளிச்சம் பத்தாம ஒரு பக்கத்த வெட்டித் திறந்துதான் எடுத்தது, துவக்கு வச்சு வேட்டையாடின மனுசனப் பழைய மாதிரி ஈட்டியால வேட்டையாடச் சொன்னது. 1958ல டிஸ்னி எடுத்த வைட் வைல்டர்னஸ் இதவிட மோசம், லெமிங் எண்ட சின்ன எலிச் சாதிகள் கூட்டமா விழுந்து தற்கொலை செய்யுது எண்டு காட்டினாங்க, பிறகு பாத்தா அதுகள் அந்த இடத்து மிருகமே இல்ல, வேற இடத்தில இருந்து கொண்டுவந்து தள்ளி விட்டு எடுத்தது. அதுக்கு ஒஸ்காரும் கிடைச்சுது! அதால யுத்தப் படமோ யானப் படமோ, கமரா எங்க நிக்குது, எத வெட்டி விட்டாங்க, காசு யாரு குடுத்தது எண்டு கேட்டுப் பழகினா சனமும் சண்டைக்கு வராது, படமும் ருசிக்கும்.

சரி, என்ன போடலாம்

மூண்டு மணித்தியாலப் படத்த மறந்திருங்க. வயலால, கடலால, கடையால வாற சனம். ஒரு மணித்தியாலத்துக்குள்ள முடியிற படம், ஏலுமெண்டா தமிழ்ல கதைக்கிற படம், அதுதான் தொடக்கம்.

முதல் சனிக்கிழமைக்கு த எலிஃபன்ட் விஸ்பரர்ஸ். கார்த்திகி கொன்சால்வெஸ் எடுத்தது, முதுமலையில தெப்பக்காடு யானை முகாம்ல பொம்மன், பெள்ளி எண்டு ரெண்டு பேர் தாயில்லாக் குட்டி ரகுவ வளக்கிற கதை, 2023ல குறும் ஆவணப்படத்துக்கு ஒஸ்கார் எடுத்தது, கிட்டத்தட்ட 40 நிமிசம், தமிழ்லதான் கதைப்பாங்க. நான் இதச் சொல்லுறது யானையில பாசம் வரட்டும் எண்டு இல்ல. உங்கட ஊர்ல வேளாண்மையை யானைக்குக் குடுத்தவன் அந்தக் கூட்டத்தில இருப்பான். படம் முடிய அவன் எழும்பி "குட்டிக்குப் பால் குடுக்கிறது சரி, என்ர வயலுக்கு யாரு பதில்" எண்டு கேப்பான், அப்பதான் உங்கட திரையிடல் உண்மையில தொடங்கும். நெட்ஃபிளிக்ஸ் படம் எண்டபடியா, மேல சொன்ன அனுமதி வாசகம் அதில இருக்கா எண்டு முதல்ல பாருங்க.

இரண்டாவது, ஹனிலேண்ட், 2019, வட மாசிடோனியாவில மலைக்குள்ள தேன் எடுக்கிற ஒரு பொம்புள, படுத்த படுக்கையா கெடக்கிற தாய். எடுத்த இயக்குநர்மாருக்கு அவ கதைக்கிற துருக்கி மொழி தெரியாது, மூண்டு வருசமா முகத்தயும் கையயும் பாத்தே எடுத்திருக்காங்க, அதால சப்டைட்டில் வாசிக்காத ஆளுக்கும் பாதி விளங்கிரும். பாதி எனக்கு, பாதி தேனீக்கு எண்டு அவ விட்டு வைக்கிறதும், பக்கத்தில வந்து குடியேறின குடும்பம் அவசரப்பட்டு எல்லாத்தையும் எடுக்கிறதும், எங்கட காட்டுத்தேன் எடுக்கிற ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவல்ல.

அனுமதி கேக்கிற தலையிடியே இல்லாத படமும் இருக்கு. எங்கட சட்டத்தில இந்தச் சாதிப் படைப்புக்குப் பாதுகாப்பு வெளிவந்ததில இருந்து 70 வருசம், அதால 1929ல சீகா வெர்டோவ் எடுத்த மேன் வித் எ மூவி கமரா உங்கட படம்தான். கதை இல்ல, வசனம் இல்ல, ஒரு நகரம் காலையில எழும்புறதில இருந்து ஓடுது. ஆனா கவனம், இப்ப கிடைக்கிற கொப்பியில புதுசாச் சேத்த மியூசிக்குக்குத் தனிக் கொப்பிரைட் இருக்கும். சத்தத்த நிப்பாட்டிப்போட்டு உங்கட ஊர் கூத்து அண்ணாவியார மத்தளத்தோட கூப்பிட்டு இருத்துங்க. எனக்கெண்டா அந்தக் காட்சிக்கு மட்டக்களப்பில இருந்து பஸ் எடுத்து வரலாம் போல இருக்கு.

அதே மாதிரி 1934ல பேசில் ரைட் எடுத்த சோங் ஒஃப் சிலோன், காசு குடுத்தது தேயிலைப் பிரசார சபை, குரல் லயனல் வென்ட். வெள்ளைக்காரன்ட தேயிலை விளம்பரம் எண்டு தள்ளிடாதீங்க. மூண்டாவது பகுதியில தொழிலாளர் வேல செய்யிற படத்துக்கு மேல சந்தை விலையும் கப்பல் கணக்கும் குரலாக் கேட்டுக்கொண்டே இருக்கும், காசு குடுத்தவனுக்கு அது விளங்கிச்சோ தெரியல்ல, பாக்கிற எங்களுக்கு நல்லாவே விளங்குது. "யாரு காசு குடுத்தது" எண்ட கேள்வியப் பழக்க இதவிட நல்ல படம் கிடையாது.

கழகத்துப் பொடியனுகள் மட்டும் இருந்து பாக்கத் திவ்யபாரதியின்ட கக்கூஸ், 2017. தமிழ்நாட்டில மலக்குழியில இறங்கிச் சாகிற ஆக்களப் பத்தினது. தமிழ்தான், ஆனா பாக்கக் கஷ்டமான காட்சிகள் கெடக்கு, சின்னப் பிள்ளைகள வச்சுக்கொண்டு போடாதீங்க. ஆனந்த் பட்வர்தன்ட ராம் கே நாம், 1992, அயோத்தியில பள்ளிவாசலா கோயிலா எண்ட பிரச்சினை. நீங்க அக்கரைப்பற்றில இருந்தும் முஸ்லிம் கூட்டாளிமாரக் கூப்பிடப் போறதா எழுதியிருக்கீங்க, அப்பிடியெண்டா அவங்களோட சேந்து முதல் பாத்திட்டு, போடுறதா இல்லையா எண்டு ரெண்டு பக்கமும் இருந்து முடிவெடுங்க. இந்த மனுசன் தன்ட படங்கள அரச தொலைக்காட்சி போட மறுக்க மறுக்க கோர்ட்டுக்குப் போய்ப் போட வச்சவர், ஃபாதர் சன் அண்ட் ஹோலி வோர் எண்ட படத்துக்கு 2006ல இந்திய உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் வெண்டவர். எங்கட தொழில்காரர் பாத்துப் படிக்கிற தீர்ப்பு அது.

எங்கட கதைக்கு வருவம். மனித உரிமைக்காகக் கதைச்சுக் கொல்லப்பட்ட டொக்டர் ராஜனி திராணகமவப் பத்தின நோ மோர் டியர்ஸ் சிஸ்டர், 2005. ஜூட் ரட்ணத்தின்ட டீமன்ஸ் இன் பாரடைஸ், 2017. ரெண்டும் பாக்க வேண்டிய படம்தான், ரெண்டும் எங்கட ஆக்களுக்குள்ள நடந்ததையும் கதைக்குது, அதாலயே சண்டையும் வரும். ரெண்டாவதப் பிரான்சில கான் திரைப்பட விழாவில காட்டினாங்க, அதே வருசம் யாழ்ப்பாணத்துத் திரைப்பட விழாவில போட இருந்து பிறகு எடுத்துட்டாங்க. இத வாசிகசாலைச் சுவரில போடாதீங்க எண்டுதான் நான் சொல்லுவன். பத்துப் பேர், ஒரு அறை, முன்கூட்டிச் சொல்லி. காணாமப் போனாக்களின்ட அம்மாமார் கேட்டாங்களெண்டா மட்டும் சிலி நாட்டு பட்ரீசியோ குஸ்மானின்ட நொஸ்டால்ஜியா ஃபோர் த லைட், 2010. அட்டகாமாப் பாலைவனத்தில ஒரு பக்கம் விஞ்ஞானிமார் தொலைநோக்கியால வானத்தப் பாக்கிறாங்க, இன்னொரு பக்கம் பொம்புளைகள் மண்வெட்டியோட சர்வாதிகாரி பினோசே காலத்தில காணாமப் போன தங்கட ஆக்களின்ட எலும்பத் தேடுறாங்க. நான் பாத்ததில மனசில இருந்து போகாத படம் இதுதான். ஆனா அவங்க கேக்காம நீங்களா கொண்டு போய்ப் போடாதீங்க.

எனக்குப் பிடிச்சதச் சொல்லாம விட ஏலாது. த தின் புளூ லைன், எரோல் மொரிஸ், 1988. டெக்சாஸ்ல ஒரு பொலிஸ்காரனச் சுட்டதா மரண தண்டனை விதிச்சு, பிறகு ஆயுள் தண்டனையா மாத்தி, பன்னிரண்டு வருசம் மட்டில உள்ள இருந்த ரண்டல் அடம்ஸ் எண்டவர் இந்தப் படம் வந்த அடுத்த வருசம் வெளிய வந்தார். ஒரே சம்பவத்த ஒவ்வொரு சாட்சியும் சொன்ன மாதிரி திருப்பித் திருப்பி நடிச்சுக் காட்டி, சாட்சிகள் எப்படிப் பொய்யாப் போகுது எண்டு காட்டுற படம். சட்டம் படிக்கிற பிள்ளை ஊர்ல இருந்தா கட்டாயம் காட்டுங்க.

அம்மாமாரின்ட கதைய எடுக்கிறதுக்கு முன்னுக்கு

அந்த அடம்ஸ் வெளிய வந்த பிறகு என்ன நடந்திச்சு தெரியுமா? தன்னக் காப்பாத்தின இயக்குநர் மேலயே வழக்குப் போட்டார், என்ர கதையின்ட உரிமை எனக்கு வேணும் எண்டு, முதல்லயே ஏதோ ஒப்பந்தத்தில கையெழுத்து வச்சிருந்திருக்கிறார். கடைசியில வெளியிலயே பேசித் தீத்தாங்க. நல்ல மனசோட எடுத்த படத்துக்கே இந்தக் கெதி எண்டா, "அம்மா சரி எண்டு தலையாட்டினா" எண்டு நீங்க எழுதியிருக்கிறது போதுமா? போதாது. தலையாட்டினவவுக்கு யூடியூப் எண்டா உலகம் முழுக்கப் பாக்கும், கீழ கண்டவனும் கொமன்ட் அடிப்பான் எண்டு தெரியுமா?

தமிழ்ல ஒரு பக்கத்தில எழுதுங்க: யாரு எடுக்கிறது, எங்கெங்க போடுறது, பேரும் முகமும் காட்டலாமா, காசு வந்தா யாருக்கு, மனம் மாறினா எப்ப வரைக்கும் எடுக்கச் சொல்லலாம். வாசிச்சுக் காட்டி, வீட்டு ஆள் ஒராள் பக்கத்தில இருக்கக் கையெழுத்து வாங்கி, ஒரு கொப்பிய அவட கையில குடுங்க. முடிச்ச படத்த வெளிய விட முதல் அவவுக்குப் போட்டுக் காட்டுங்க. கதையில மத்த ஆக்களின்ட பேர் வந்தா, சவம் எடுத்தது, நிவாரணம் தின்னது எண்டெல்லாம் வந்தா, வெட்டுறதா வைக்கிறதா எண்டு ஒரு சட்டத்தரணியக் கேட்டுட்டு விடுங்க, மானநட்ட வழக்குக்கு அந்த ஒரு வசனம் காணும். இந்தோனேசியாப் படுகொலையப் பத்தி எடுத்த த லுக் ஒஃப் சைலன்ஸ் கடைசியில பேர் ஓடுற இடத்தில, அந்த நாட்டுக்காரர் கனபேருக்குப் பேருக்குப் பதிலா பெயரில்லாதவர் எண்டுதான் கெடக்கும். படம் எடுத்தவனே பேர மறைக்க வேண்டி வாற இடங்கள் இருக்கு. டிவியில வந்த சுனாமிக் காட்சிய வெட்டி ஒட்டுறது, பின்னணிக்குச் சினிமாப் பாட்டுப் போடுறது ரெண்டையும் விடுங்க, யூடியூப்காரனே தூக்கிருவான்.

கழகம் பதிஞ்சதா இல்லையா எண்டு கடிதத்தில இல்ல. பதியாட்டி, ஏதும் வந்தா மண்டபத்துக்குக் கையெழுத்து வச்ச ஆளிட தலையிலதான் விடியும், அது நீங்களெண்டுதான் நினைக்கிறன். இளைஞர் சேவைகள் மன்றத்திலயோ பிரதேச செயலகத்திலயோ பதிவ முடிச்சு, வாசிகசாலைய நடத்துற பிரதேச சபையிட்ட எழுத்தில அனுமதி எடுத்து, ஸ்பீக்கர் வெளிய வைக்கிறதெண்டா பொலிஸ்ல அதுக்கு அனுமதியும் எடுத்து வைங்க. கலாசார உத்தியோகத்தருக்கும் ஒரு கொப்பி குடுத்தா நல்லம். இதுக்கெல்லாம் ஒரு கிழமை போகும், அது வரைக்கும் இந்தச் சனிக்கிழமை படம் இல்ல எண்டு நோட்டீஸ் ஒட்டுங்க.